அணைத்தாலும் திரும்ப எரியும் செக் இன்ஜின் விளக்கு: பழைய காரில் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

என்னுடைய பழைய பெட்ரோல் காரில் அந்த மஞ்சள் விளக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு எரிந்தது. அதற்குள் இரண்டு ஆக்சிஜன் சென்சார், இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் ஒன்று, ஒரு செட் ஸ்பார்க் பிளக் மாற்றியாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுக்கும்போது டேஷ்போர்டு சுத்தமாக இருக்கும். மூன்றாம் நாள் காலையில் விளக்கு பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் அகப்பட்ட குற்றவாளி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் கண்ணில் படாமல் வளைந்து போகும் ஒரு சிறிய ரப்பர் குழாய். சூட்டிலும் எண்ணெயிலும் இறுகிப்போய், விரலால் அழுத்தினால் வாய் பிளக்கும் அளவுக்கு வளைவின் உட்பக்கம் வெடித்திருந்தது. மாற்றிய பாகங்களிலேயே விலை குறைந்தது அதுதான்.

நான் செய்த தவறு ஒன்றே ஒன்று. காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் எந்தப் பாகத்தின் பெயரைச் சொன்னதோ அதையே மாற்றினேன். ‘புகை வருகிறது’ என்று கத்துகிற பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து அடைத்துவிட்டால் தீ அணைந்துவிடுமா? ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பல நேரங்களில் அந்த வேலைதான். பிழைக் குறியீடு என்பது காரின் கணினி எழுதித் தரும் புகார் மனு. விசாரணையை நாம்தான் நடத்த வேண்டும். அந்த விசாரணையை எந்த வரிசையில் நடத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்து எழுதியது இது. டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு முதல் பாதி மட்டும் பொருந்தும்.

முதலில், விளக்கு எப்படி எரிகிறது?

அசையாமல் நிலையாக எரிந்தால், வண்டி வழக்கம்போல ஓடுகிறது என்றால், பதற்றம் வேண்டாம். நிதானமாக ஆராய நேரம் இருக்கிறது. விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை, அதுவும் மோசமான அளவில், என்று பொருள். அந்தப் பச்சைப் பெட்ரோல் புகைக்குழாய் வழியாக, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே தேன்கூடு போல இருக்கும் பீங்கான் பகுதி உருகிப்போகச் சிறிது நேர ஓட்டமே போதும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள், ஓரமாக நிறுத்துங்கள், வண்டியைக் கட்டி இழுத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள். சிவப்பில் எரியும் ஆயில் பிரஷர் விளக்கும் வெப்ப விளக்கும் இந்தக் கட்டுரைக்குள் வராதவை. அவை எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு அப்போது கட்டாயம் எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கிறது, அல்லது உங்களுக்கு வண்டியை விற்றவர் அதைக் கழற்றி வைத்திருக்கிறார். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வாசலிலேயே செய்ய வேண்டிய சோதனை இது.

குறியீட்டைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஓபிடி-2 வகை ஏற்பாடு, அதாவது கார் தன்னைத்தானே சோதித்துப் பிழைகளைப் பதிவுசெய்யும் பொதுவான முறை, கட்டாயமானது. மற்ற நாடுகள் பின்னால் வந்தன. உங்கள் காரில் அது இருந்தால் ஸ்டியரிங்கின் கீழே, முழங்கால் உயரத்தில், 16 ஊசித் துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதைவிடப் பழைய கார்களில், சோதனை சாக்கெட்டின் இரண்டு துளைகளை ஒயரால் இணைத்து, விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணும் முறை உண்டு. எந்த இரண்டு துளைகள் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பார்க்காமல் ஒயரை எடுக்க வேண்டாம். தவறான துளையில் செருகினால் கணினியே போய்விடும்.

ஸ்கேனர் வாங்குவதாக இருந்தால், குறியீட்டை மட்டும் காட்டுவதை வாங்காதீர்கள். இன்ஜின் ஓடும்போதே சென்சார் அளவுகளைக் காட்டும் ‘லைவ் டேட்டா’ வசதி இருக்க வேண்டும். செல்போனோடு இணையும் சிறிய புளூடூத் அடாப்டர்களிலேயே இது கிடைக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: பதிவான குறியீடுகள், இன்னும் உறுதியாகாமல் நிலுவையில் இருக்கும் குறியீடுகள், ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ தகவல். மூன்றாவது தங்கச் சுரங்கம், ஆனால் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. பிழை பதிவான அந்த நொடியில் இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு வேகம் என்று கணினி எடுத்து வைத்த புகைப்படம் அது. வேகம் பூஜ்யம், 780 ஆர்பிஎம், கூலன்ட் 38 டிகிரி என்று இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்து நிற்கும்போது வந்த கோளாறு. 96 டிகிரி, 2900 ஆர்பிஎம் என்றால் சாலையில் இழுவையின்போது வந்தது. தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

குறியீட்டை அழித்தால் இந்தப் புகைப்படமும் போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுகிற பழைய வைத்தியமும் அதே கெடுதலைத்தான் செய்கிறது. கூடவே கணினி பல மாதங்களாகக் கற்று வைத்திருக்கும் திருத்தங்களையும் துடைத்துவிடுகிறது.

குறியீட்டின் இலக்கணம் எளிது. ‘பி’ என்று தொடங்கினால் இன்ஜின், கியர் சார்ந்தது. அடுத்த எண் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது, 1 என்றால் அந்த நிறுவனத்துக்கு மட்டும் உரியது. மூன்றாம் இடத்தில் 1 அல்லது 2 வந்தால் எரிபொருளும் காற்றும், 3 என்றால் தீப்பொறி, 4 என்றால் புகைக் கட்டுப்பாடு. பல குறியீடுகள் ஒன்றாக வந்தால் சென்சாரின் மின்சுற்றைக் குறை சொல்பவற்றை முதலில் பாருங்கள். கன்வெர்ட்டரைக் குறை சொல்வதைக் கடைசிக்கு வையுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சென்சார்கள் ஒரே நாளில் கெட்டுப்போனதாகக் காட்டினால் நம்பாதீர்கள். அவை எல்லாம் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஃபியூஸ், ஓர் எர்த் ஒயர், அல்லது 5 வோல்ட் இணைப்பு கெட்டிருக்கும்.

ஏன் மூன்றாம் நாள் திரும்ப வருகிறது?

பெரும்பாலான பிழைகளைக் கணினி முதல் தடவை பார்த்ததும் விளக்கைப் போடுவதில்லை. நிலுவையில் வைக்கும். அடுத்த பயணத்திலும் அதே பிழை தெரிந்தால்தான் விளக்கு எரியும். அத்துடன், சில சோதனைகள் குறிப்பிட்ட சூழ்நிலை அமைந்தால் மட்டுமே நடக்கும். அதனால்தான் அழித்த பிறகு இரண்டு மூன்று நாள் அமைதி கிடைக்கிறது. அதைப் பழுது சரியானதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். தொடர்ந்து மூன்று பயணங்களில் பிழை தென்படாவிட்டால் விளக்கு தானாகவே அணையும். அதன் பிறகும் சுமார் 40 முறை இன்ஜின் குளிர்ந்து சூடாகும்வரை குறியீடு நினைவில் இருக்கும்.

கருவி எடுக்கும் முன் கையும் கண்ணும்

பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள், நன்றாக இருந்தால் ‘கிளிக்’ என்று சத்தம் வரும்வரை திருகி மூடுங்கள். இன்ஜின் ஆயில் அளவைப் பாருங்கள். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு உள்ள இன்ஜின்களில், ஆயில் கருத்துக் குழம்பாகியிருந்தாலே பி0011 போன்ற குறியீடுகள் வந்துவிடும்.

பழைய கார்களில் மின்னழுத்தம் தனித் தலைவலி. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும்; இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.7 வரை. இதற்குக் கீழே இருந்தால் சென்சார்களைச் சந்தேகிப்பதற்கு முன் பேட்டரி முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். பட்டினி கிடக்கும் கணினி என்ன வேண்டுமானாலும் உளறும்.

பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடிவரை போகும் தடித்த ரப்பர் குழாய். அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். இன்ஜினின் உறிஞ்சும் விசை செல்லும் சிறிய வாக்குவம் குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு வளையுங்கள். கல்லாக இறுகியிருப்பவை சந்தேகத்துக்கு உரியவை. கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சை போலப் படிந்த துரு, எலி கடித்த ஒயர், யாரோ முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, இவை எல்லாம் கண்ணுக்கே தெரியும்.

சென்சார்கள் உண்மை பேசுகின்றனவா?

இரவு முழுவதும் நின்ற வண்டியில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி லைவ் டேட்டாவைப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 27, இன்னொன்று 60 என்றால் பொய் சொல்வது யார் என்று புரிந்துவிடும். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருந்தால், நின்றிருக்கும் இன்ஜினில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். ஸ்டார்ட் செய்தபின் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓடும்போது, நல்ல இன்ஜின் 30 முதல் 40 வரை இறங்கும். செலவில்லாத சோதனை, ஐந்து நிமிட வேலை.

ஃபியூவல் டிரிம்: எல்லாவற்றையும் சொல்லிவிடும் எண்

ஒரே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளத்தான் பொறுமை இருக்கிறது என்றால், இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதம் தவறுகிறதா என்று முன்பக்க ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்கிறது. கணினி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஈடுகட்டுகிறது. அந்தத் திருத்தத்தின் சதவீதமே ஃபியூவல் டிரிம். நொடிக்கு நொடி மாறுவது குறுகிய கால டிரிம், மெல்லக் கற்றுக்கொள்வது நீண்ட கால டிரிம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் பத்துக்கும் கழித்தல் பத்துக்கும் இடையில் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. பி0171, அதாவது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துவிட்டது என்ற குறியீடு வரும்போது, பெரும்பாலும் கூட்டல் இருபதைத் தாண்டியிருக்கும்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மூன்று நிலைகளில் குறியுங்கள்: ஐடிலிங்கில், நின்றபடியே 2500 ஆர்பிஎம்மில், சாலையில் மேடு ஏறும்போது. மூன்றாவதை வண்டி ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஐடிலிங்கில் கூட்டல் 24, 2500இல் கூட்டல் 5 என்று வந்தால் எங்கோ வாக்குவம் கசிகிறது, அதாவது அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது. காரணம் எளிது. ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்று மிகக் குறைவு, உறிஞ்சும் விசையோ மிக அதிகம். அப்போது ஒரு சிறு ஓட்டையே பெரிய பங்காகிவிடுகிறது. திராட்டில் திறந்ததும் வரும் காற்று வெள்ளத்தில் அந்த ஓட்டை கரைந்துவிடுகிறது. என் காரின் எண்கள் இப்படித்தான் இருந்தன. ஒன்றரை ஆண்டும் அவை ஸ்கேனரில் காத்திருந்தன, பார்த்தவர்தான் யாருமில்லை.

இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து மேடு ஏறும்போது டிரிம் எகிறினால் பெட்ரோல் போதவில்லை: பலவீனமான பம்ப், அடைத்த ஃபில்டர். அல்லது மாஃப் சென்சாரில் அழுக்குப் படிந்து, காற்றைக் குறைவாகக் கணக்கிடுகிறது. அந்தச் சென்சாரை மாற்றுவதற்கு முன், அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவிப் பாருங்கள். பிரேக் கிளீனர் வேண்டாம், துணியாலோ விரலாலோ உள்ளிருக்கும் மெல்லிய கம்பியைத் தொடவும் வேண்டாம். எல்லா நிலையிலும் கழித்தலில் கிடந்தால் பெட்ரோல் மிகுதி: ஒழுகும் இன்ஜெக்டர், அதிகப்படியான எரிபொருள் அழுத்தம், டேங்க் ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பது.

ஒரு விதிவிலக்கு. மாஃப் சென்சார் இல்லாமல் மேப் சென்சாரை மட்டும் நம்பும் கார்களில் கசிந்து உள்ளே வரும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். அங்கே டிரிம் அவ்வளவாக எகிறாமல், ஐடிலிங் வேகம் கூடுவதே அடையாளமாக இருக்கலாம்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜின்மேல் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில் எரியும் திரவம் அடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இன்ஜினை நிறுத்திவிட்டு, இன்டேக் வழியாகப் புகை செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் பல ஒர்க்‌ஷாப்களில் செய்கிறார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் புகை எட்டிப் பார்க்கும். என் குழாய் பத்தே நிமிடத்தில் அப்படித்தான் காட்டிக்கொடுத்தது.

மிஸ்ஃபயர்

சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாததுதான் மிஸ்ஃபயர். பி0300 என்றால் அது எந்தச் சிலிண்டர் என்று தெளிவில்லை. பி0301 முதலாவது, பி0302 இரண்டாவது என்று போகும். சிலிண்டருக்கு ஒரு காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) உள்ள இன்ஜினாக இருந்தால் வாங்காமலேயே சோதிக்கலாம். முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதுக்கு மாற்றி மாட்டுங்கள். குறியீடு 301இலிருந்து 302க்கு நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் ஸ்பார்க் பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவரின் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் புதுக் காயில் போடுவது வீண். இரண்டையும் இடம் மாற்றியும் அதே சிலிண்டர் அடம்பிடித்தால் இன்ஜெக்டர், அதன் பிறகு சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை. மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதன் முக்கால் பங்குக்கும் கீழே போனால் உள்ளே வேலை இருக்கிறது.

பி0420: அவசரப்பட்டால் செலவு மிக அதிகம்

கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். பழைய வகை முன் சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஊஞ்சலாடும். கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துச் செலவிடுவதால் பின் சென்சார் 0.6, 0.7 அளவில் அமைதியாக இருக்கும். பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே ஆடத் தொடங்கினால்தான் கணினி இந்தக் குறியீட்டை எழுதுகிறது. இன்ஜினைச் சூடாக்கி, 2500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து, இந்த ஆட்டத்தை நீங்களே பாருங்கள். புதிய வகை முன் சென்சார்கள் இப்படி ஆடாது. அந்தக் கார்களில் பின் சென்சாரை மட்டும் கவனித்தால் போதும்.

ஆடினாலும் உடனே கன்வெர்ட்டர் வாங்க ஓடாதீர்கள். புகைக்குழாயில், சென்சாருக்கு அருகில் சிறு கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அளவைக் கெடுக்கும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறதா, இணைப்புகளில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மிஸ்ஃபயரோ தவறான டிரிமோ இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். கன்வெர்ட்டர் தானாகச் சாவது அரிது. எரியாத பெட்ரோலோ, இன்ஜின் குடிக்கும் ஆயிலோ, உள்ளே கசியும் கூலன்டோ அதைக் கொல்கிறது. அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினால் அதற்கும் அதே முடிவு.

டேங்க் ஆவியும் தெர்மோஸ்டாட்டும்

பி0442, பி0455 இரண்டும் பெட்ரோல் ஆவி கசிவதைச் சொல்பவை. மூடியை மாற்றியும் போகாவிட்டால் பர்ஜ் வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள்; மின்சாரம் இல்லாதபோது காற்று போகக் கூடாது. பெட்ரோல் நிரப்பியவுடன் ஸ்டார்ட் ஆக வண்டி தடுமாறினால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பி0128, அதாவது இன்ஜின் போதிய சூட்டை எட்டவில்லை என்ற குறியீடு, பெரும்பாலும் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டதால் வருவது. குளிர்ந்த இன்ஜினில் கூலன்ட் அளவைச் சரிபாருங்கள். பிறகு ஓட்டும்போது வெப்பம் ஏறாமல் மந்தமாக இருந்தால், அல்லது வேகமான சாலையில் இறங்கினால், தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள்.

வந்து போகும் கோளாறு

மழை நாளில் மட்டும், மேடுபள்ளத்தில் மட்டும், சூடான பிறகு மட்டும் வரும் பிழைகளுக்கு ஒயரிங்தான் முதல் சந்தேகம். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, லைவ் டேட்டாவைப் பார்த்துக்கொண்டே அந்தச் சென்சாரின் ஒயரையும் கனெக்டரையும் மெல்ல ஆட்டுங்கள். விசிறி, பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எண் துள்ளினால் இடம் கிடைத்துவிட்டது. எர்த் இணைப்பைச் சோதிக்க, இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை இன்ஜினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரைக் கழற்றித் துருவை உரசி மாட்டுங்கள். பி0135 போன்ற, ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டரைக் குறை சொல்லும் குறியீடுகளுக்கு முதலில் ஃபியூஸ். அடுத்து, கழற்றிய சென்சாரின் ஹீட்டர் முனைகளில் ஓம் அளவு: சில ஓம் முதல் இருபது ஓம்வரை காட்ட வேண்டும். எல்லையில்லாமல் போனால் சென்சார் உண்மையிலேயே போய்விட்டது; நிம்மதியாக மாற்றலாம்.

சரிசெய்த பிறகு

இப்போதுதான் குறியீட்டை அழிக்க வேண்டும். அழித்ததும் கணினியின் சுயசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குப் போகும். ஸ்கேனரில் ‘ரெடினெஸ்’ பக்கத்தில் தெரியும். அதனால் புகைப் பரிசோதனைக்கு முந்தைய நாள் அழித்துவிட்டுப் போவது பலிக்காத தந்திரம். டேங்க் கால்பங்கிலிருந்து முக்கால்பங்குவரை இருக்கட்டும். நிரம்பி வழிந்தாலும் வறண்டு கிடந்தாலும் ஆவிச் சோதனை நடக்காது. ஓர் இரவு முழுவதும் நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஐடிலிங், பிறகு நகரத்துக்குள் கொஞ்சம், சீரான வேகத்தில் நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் என்று ஓட்டுங்கள். நான்கைந்து நாள் இப்படி ஓட்டியபின் நிலுவைக் குறியீடுகளைப் பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.

கேம் டைமிங் (வால்வு நேரம்), கம்ப்ரெஷன், கணினி சம்பந்தப்பட்ட பிழை என்றால் மெக்கானிக்கிடம் போவதே நல்லது. போகும்போது ‘விளக்கு எரிகிறது’ என்று மட்டும் சொல்லாமல் அந்த நோட்டைக் காட்டுங்கள்: குறியீடு, ஃப்ரீஸ் ஃபிரேம், மூன்று நிலைகளின் டிரிம், இதுவரை மாற்றிய பாகங்கள். ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மீட்டரை எடுத்து வந்து காட்டுவார்.